கொடை நடக்கிற ஊரிலேயே நாட்டார் வழக்காற்றியல் எம்.ஏ.: முதல் ஆண்டிலேயே எதையெல்லாம் முடிக்க வேண்டும்?

தேரிக்காடு

வணக்கம். பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் எம்.ஏ. நாட்டார் வழக்காற்றியல் (நாட்டுப்புறவியல்) சேர்வதாக முடிவு. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன், சாஸ்தா என்று கோயில் இருக்கிறது. தரவுக்குப் பஞ்சமே வராது என்கிறார்கள். சேர்வதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் என்ன படிப்பது? பதிவுக்கருவி ஏதாவது வாங்க வேண்டுமா? நான்காம் பருவத்தில் ஆய்வேடு எழுத வேண்டும், தலைப்பை அப்போது பார்த்துக்கொள்ளலாம்தானே?

பொருநை

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பார்த்துக்கொள்ள முடியாது தம்பி. இந்தப் படிப்பில் ஆய்வேடு கவிழ்வதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

நாட்காட்டியை எடுத்து வைத்துப் பாருங்கள். நான்காம் பருவம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. மார்கழி, தை, மாசி. தெற்கே கொடை, அதாவது இந்தக் கோயில்களின் திருவிழா, நெருக்கமாக நடப்பது பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில். இடைப்பட்ட காலத்தில் மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயில்களில் கூட்டம் இருக்கும், அதைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாகக் கிளம்புகிற நேரத்தில் நீங்கள் ஆய்வேட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். தலைப்பு "சுடலைமாடன் கொடை" என்றிருக்கும், உள்ளே ஒரு கொடைகூடப் பார்த்த தடயம் இருக்காது. பூசாரியிடம் கேட்டு எழுதிய நான்கு பக்கமும் ஏற்கெனவே அச்சான புத்தகத்திலிருந்து எடுத்த நாற்பது பக்கமும் இருக்கும்.

நடைமுறைக்கு ஒத்துவருவது இப்படி: முதல் பருவத்திலேயே இரண்டு ஊர்களைத் தேர்ந்து பேச்சுவார்த்தை ஆரம்பித்துவிடுங்கள். இரண்டாம் பருவத் தேர்வு முடிந்த கையோடு சித்திரைக் கொடை. மூன்றாம் பருவம் தொடங்கும்போது ஆடி. அதே பருவத்தில் புரட்டாசி வாக்கில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசரா. ஐப்பசிக்குள் களப்பணி முடிந்துவிட்டால் நான்காம் பருவம் முழுக்க எழுதுவதற்குத்தான்.

ஏன் இரண்டு ஊர் என்றால், பங்காளித் தகராறு, வழக்கு, ஊரில் ஒரு சாவு, தேர்தல் நேரத்துக் கட்டுப்பாடு என்று கொடை தள்ளிப்போக ஆயிரம் காரணம் வரும். ஒரு வருடம் நின்றால் அடுத்த வருடம்தான். உங்கள் கையில் இருப்பதோ இரண்டே வருடம்.

வலம்பாடி

பொருநை அண்ணாச்சி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடை என்பது ஒரு ராத்திரி விஷயம் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு வில்லுப்பாட்டு கேட்கப் போய்விட்டு "கொடையைப் பார்த்தேன்" என்று எழுதினால் பாதிக்கு மேல் விட்டுப்போயிருக்கும்.

வரிசை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பொதுவாக இப்படி: ஒரு வாரம் முன்னால் கால்நாட்டு, அதாவது பந்தக்கால் ஊன்றுவது. கொடைக்கு முந்தின ராத்திரி குடியழைப்பு, சாமியைக் கொடைக்கு அழைப்பது. மறுநாள் தீர்த்தம் எடுத்து வருதல், மதியக் கொடை. அப்புறம் நள்ளிரவில் சாமக்கொடை. விடிந்த பிறகு படைப்புப் பங்கு வைப்பது. அம்மனுக்குச் செவ்வாய், சுடலைக்கு வெள்ளி என்பது பொது வழக்கு, ஆகவே சுடலை என்றால் வியாழன் ராத்திரியே நீங்கள் ஊரில் இருக்க வேண்டும். கால்நாட்டுக்கு ஒரு நாள் தனியாகப் போய்வர வேண்டும்.

கொடை அழைப்பிதழ் ஒன்றை விடாமல் வாங்கி வையுங்கள். எத்தனை மணிக்கு என்ன என்று அதில் அச்சடித்திருக்கும். பக்கத்திலேயே உண்மையில் நடந்த நேரத்தைக் குறியுங்கள். சாமக்கொடை 12 மணி என்று போட்டிருக்கும், 2 மணிக்கு நடக்கும். அந்த இடைவெளியில் என்ன நடந்தது, யாருக்காகக் காத்திருந்தார்கள் என்பதில்தான் அந்த ஊரின் அதிகார அடுக்கு தெரியும்.

இன்னொன்று வரி நோட்டு. தலைக்கட்டுக்கு (குடும்பத்துக்கு) எவ்வளவு வரி, யாரெல்லாம் வரிதாரர், வெளியூரில் இருப்பவருக்கு என்ன கணக்கு, பெண் வழிப் பேரனுக்கு வரி உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். கோயில் யாருடையது என்று வாய்விட்டுக் கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். நோட்டு மழுப்பாது. ஆனால் போன அன்றைக்கே அதைக் கேட்டுவிடாதீர்கள். மூன்றாவது, நான்காவது தடவை போகும்போது அவர்களே எடுத்துப் போடுவார்கள். படம் எடுக்கலாமா என்று கேளுங்கள், மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

தேரிக்காடு

இதெல்லாம் யோசித்தே பார்க்கவில்லை. பதிவுக்கருவி? கைப்பேசி போதுமா?

ஒலிநாடா

நேர்காணலுக்குப் போதும். கொடைக்குப் போதாது. காரணத்தோடு சொல்கிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

வில்லுப்பாட்டு மேடையில் ஒரே நேரத்தில் மூன்று வகைச் சத்தம் வரும். வில்லில் கட்டிய மணிகள், வில்லை அடிக்கிற வீசுகோலின் அடி, ஜால்ரா எல்லாம் கூர்மையான மேல்சத்தம். குடத்து வாயில் மட்டையால் அடிப்பது அடிவயிற்றில் கேட்கிற கீழ்ச்சத்தம். நடுவில் புலவரின், அதாவது தலைமைப் பாடகரின், குரல். பத்தடி தள்ளி நையாண்டி மேளம், வேட்டு வேறு. கைப்பேசி தானாகவே ஒலிமட்டத்தைச் சரிசெய்யும். ஒரு வேட்டு வெடித்தால் சட்டென்று மட்டத்தை இறக்கிவிட்டு, மெதுவாகத்தான் ஏற்றும். அந்தச் சில நொடியில் புலவர் சொன்ன இரண்டு அடி காணாமல் போயிருக்கும். கையடக்கப் பதிவுக்கருவி எதுவானாலும் அந்தத் தானியங்கி வசதியை அணைத்துவிடுங்கள். உச்சச் சத்தம் கழித்தல் 12 டெசிபெல் பக்கம் நிற்கிற மாதிரிக் கையால் வையுங்கள். 32 பிட் ஃப்ளோட் கருவி என்றால் இந்தக் கவலை பெருமளவு குறையும்.

எங்கே வைப்பது? எல்லோரும் செய்கிற தவறு, குழாய் ஒலிபெருக்கிக்குக் கீழே போய் உட்காருவது. அங்கே வருவது ஏற்கெனவே கரகரத்துப்போன சத்தம், அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. குழுவிடம் கேட்டு, மேடைக்கு முன்பக்கம் ஐந்தாறு அடி தள்ளிச் சின்ன முக்காலியில் வையுங்கள். காற்றுக்குப் பஞ்சு உறை கட்டாயம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிற பொத்தானைப் போட்டால் காற்றோடு குடத்தின் அடிநாதமும் போய்விடும். அதைத் தொடாதீர்கள்.

கணக்கு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரட்டைத்தடம், வேவ் கோப்பு. மணிக்கு ஏறக்குறைய 1.04 ஜிபி. ராத்திரி எட்டு மணி நேரம் என்றால் 8.3 ஜிபி. அட்டையில் இடம் இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. பல கருவிகள் 2 ஜிபி அல்லது 4 ஜிபி ஆனதும் கோப்பை மூடி அடுத்ததைத் திறக்கும். 2 ஜிபி என்றால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சில பழைய கருவிகள் அடுத்ததைத் திறக்காமல் நின்றேவிடும். வீட்டில் மின்விசிறிச் சத்தத்தையே ஐந்து மணி நேரம் ஓடவிட்டுப் பதிந்து, உங்கள் கருவி என்ன செய்கிறது என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

பேட்டரி இரண்டு மாற்று. அட்டையும் இரண்டு. விடிந்ததும் தூங்குவதற்கு முன்னால் மடிக்கணினிக்கு ஒரு நகல், வெளி வட்டுக்கு ஒரு நகல். அந்த இரண்டையும் திறந்து கேட்டுப் பார்த்த பிறகே அட்டையை அழிக்கலாம்.

நாஞ்சில்வடக்கு

கொடையில் நடக்கிற இன்னொரு கலையான கணியான் கூத்தென்றால் இன்னும் சிக்கல். மகுடம் என்கிற தோற்கருவி இரண்டு இருக்கும், உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று. தீயில் காட்டிக் காட்டிச் சுதி ஏற்றுவார்கள். அப்படிச் சூடு காட்டுகிற நேரத்தையும் பதிவிலேயே விட்டுவையுங்கள். வெறும் இடைவேளை என்று நினைத்து நிறுத்துகிறவர்கள், தோல் தளர்ந்த பிறகு பாட்டின் சுருதி எப்படி இறங்குகிறது என்பதைப் பிடிக்கவே முடியாது. தலைமைப் பாடகரான அண்ணாவி நின்றுகொண்டும் நடந்துகொண்டும் பாடுவார், பெண் வேடமிட்ட இருவர் ஆடுவார்கள். ஒரே இடத்தில் வைத்த கருவியில் குரல் ஏறி இறங்கும். முடிந்தால் அண்ணாவியிடம் உடையில் மாட்டுகிற சின்ன மைக் ஒன்றைக் கொடுங்கள்.

அப்புறம் எனக்கொரு மனக்குறை. இப்போது வில்லுப்பாட்டில் சினிமா மெட்டு அதிகமாகிவிட்டது. அசலான பாட்டைத் தேடிப் பதிவது நல்லது.

சுவடிப்பெட்டி

அசல் என்று பிரிக்கத் தொடங்கினால் ஆய்வு முடிந்தது அண்ணாச்சி! எந்த இடத்தில் சினிமா மெட்டு வருகிறது, எங்கே வரவே வராது என்பதுதான் கவனிக்க வேண்டியது. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம் வரையிலும் மெட்டு அநேகமாக மாறாது. கதை நடுவில், கல்யாணம், வேட்டை, ஊர் வருணனை போன்ற இடங்களில் புது மெட்டு நுழையும். சாமி வருகிற கட்டத்தில் மறுபடியும் பழைய மெட்டுக்கே திரும்பிவிடும், ஏனென்றால் கோமரத்தாடிக்கு (சாமியாடுபவருக்கு) அருள் ஏறுவது அந்தத் தாளத்தில்தான். சினிமா மெட்டை வெட்டிவிட்டுப் பதிந்தவருக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்?

கோயில் வில்லையும் மேடை வில்லையும் போட்டுக் குழப்பிக்கொள்வதும் உண்டு. என்.எஸ். கிருஷ்ணன், பிறகு சுப்பு ஆறுமுகம் வழியாகச் சென்னை மேடைக்கும் வானொலிக்கும் போன வில்லுப்பாட்டு வேறொரு வகை. காந்தி கதை, சமூகக் கருத்து, நகைச்சுவை, ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதையும் ஆராயலாம், தாராளமாக. கொடை வில்லுக்கு எதிரில் சாமி இருக்கிறது, அதற்கு வேலை கதை சொல்வது மட்டும் இல்லை.

கறார்பேர்வழி

யாரும் சொல்லாததை நான் சொல்லிவிடுகிறேன். வேலை? பட்டம் முடித்தவுடன் நேராகக் கதவு திறக்கும் என்று நினைத்துச் சேராதீர்கள். இந்தப் பாடத்துக்கென்று தனித்துறை உள்ள இடங்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியல் துறை இருக்கிறது, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் இந்தப் பாடம் உண்டு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் நாட்டுப்புற இலக்கியம் தனிப்பாடமாக இருக்கிறது, ஜேஆர்எஃப் என்கிற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் முனைவர் பட்டக் காலம் ஓடிவிடும். ஆனால் ஒரு பொறி உண்டு: மொழிப்பாடங்கள் அல்லாதவற்றுக்கு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழியில் முழுக்கப் படித்து, விடை தெரிந்திருந்தும் கேள்வி புரியாமல் விடுகிறவர்கள் உண்டு. முதல் பருவத்திலிருந்தே கலைச்சொல்லுக்கு இரண்டு பத்தியில் ஒரு நோட்டுப் போடுங்கள், இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம்.

பொருநை

கறார்பேர்வழி சொல்வது சரிதான். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஒழுங்காக ஒலிபெயர்த்து (பதிவைக் கேட்டு எழுத்தாக்கி), யார், எங்கே, எப்போது என்கிற விவரத்தோடு ஆவணப்படுத்தத் தெரிந்தவருக்கு அருங்காட்சியகம், ஆவணப்படம், மொழித் தொழில்நுட்பம், பதிப்பகம் பக்கம் வேலை கிடைக்கும். பட்டத்தைவிட அந்தக் கைவேலைக்குத்தான் அங்கே கூலி. வேதியியல்காரர் என்பதும் உங்களுக்கு லாபம்தான். சோதனைக் குறிப்பேடு எழுதிப் பழகிய கை களக்குறிப்பு எழுதத் திணறாது.

தேரிக்காடு

ஒலிபெயர்ப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? ஒரு ராத்திரிப் பாட்டை முழுக்க எழுத எவ்வளவு நாள் ஆகும்?

சுவடிப்பெட்டி

முழுக்க எழுதாதீர்கள். முதலில் அந்த ஆசையை விடுங்கள்.

பேச்சு என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஆறேழு மணி நேர உழைப்பு. மேளத்தோடு கலந்த பாட்டு என்றால் பத்து மணி நேரம்கூட ஆகும். ஆறு மணி நேர நிகழ்த்துதலை முழுதாக எழுத அறுபது மணி நேரம். எம்.ஏ. ஆய்வேட்டுக்கு அது தேவையில்லை. மொத்தப் பதிவுக்கும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரக்குறிப்புப் போடுங்கள்: என்ன பகுதி, யார் பாடுகிறார், சாமியாட்டம் உண்டா, கூட்டம் எப்படி. அதில் உங்கள் கேள்விக்கு நேராகப் பயன்படுகிற நாற்பது, ஐம்பது நிமிடத்தை மட்டும் எழுத்தெழுத்தாக ஒலிபெயருங்கள். ஈலான் என்கிற இலவச மென்பொருளில் நேரத்தோடு வரியையும் கட்டிவைக்கலாம், புலவருக்கு ஒரு அடுக்கு, குடத்துக்காரருக்கு ஒரு அடுக்கு என்று பிரிக்கலாம். யுனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பெல்லாம் பத்து வருடம் கழித்துப் புழுவரிசையாகத்தான் திறக்கும்.

எழுதும் முறை, வடிவத்துக்கு மட்டும் ஒரு மாதிரி:

012 புலவர்: அன்னைக்கி நடுச்சாமத்துல என்ன செய்தான்?
013 குடம்: என்ன செய்தான்?
014 புலவர்: எந்திச்சாம்யா, வாசலுக்கு வந்தாம்யா
015 குடம்: ஆமா, வந்தான்
016 (வீசுகோல் மூன்று அடி. கூட்டத்தில் குலவை)

இதைப் பெரும்பாலான ஆய்வேட்டில் எப்படிப் பார்க்கலாம் தெரியுமா? "அன்று நள்ளிரவில் அவன் எழுந்து வாசலுக்கு வந்தான்." நான்கு விஷயம் போச்சு. வட்டார வழக்குப் போச்சு. குடத்துக்காரர் வாங்கிச் சொல்வது போச்சு, கேள்வியை வீசிப் பதிலை நிறுத்திவைக்கிற உத்தி அதில்தான் இருக்கிறது. வீசுகோல் அடி எந்த இடத்தில் விழுந்தது என்பது போச்சு. குலவை போட்ட பெண்களும் போச்சு. மிச்சம் இருப்பது கதைச்சுருக்கம், அதற்குக் கொடைக்குப் போயிருக்கவே வேண்டியதில்லை.

வலம்பாடி

நூற்றுக்கு நூறு சரி. புரியாத இடத்தில் ஊகித்து நிரப்பவும் கூடாது. (கேட்கவில்லை, 2 நொடி) என்று போட்டுவிட்டு, அதே புலவரிடம் கருவியைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுங்கள். அநேகமாக அவர் வீட்டில் பாட்டு நோட்டு இருக்கும், சிலரிடம் பனையோலை ஏடே இருக்கும். நோட்டில் இருப்பதற்கும் பாடியதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதுவே ஓர் இயல் ஆகிவிடும்.

சுவடிப்பெட்டி

ஆமாம். வாய்மொழிப் பாடகர் ஒவ்வொரு முறையும் வாய்பாட்டுத் தொடர்களை வைத்துப் புதிதாகக் கட்டுகிறார் என்கிற, மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்டு என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்களின் கோட்பாட்டை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டுவதில் இருக்கிற சிக்கலும் அதுதான். வில்லுப்பாட்டில் ஏடு உண்டு, மனப்பாடம் உண்டு, விருத்தம் பெரும்பாலும் அசையாது. இடையில் வரும் வசனம்தான் நெகிழும்.

கோட்பாடு என்று பேச்சு வந்ததால் இதையும் கொட்டிவிடுகிறேன். "முதல் இயல்: பிராப், இரண்டாம் இயல்: லெவி-ஸ்ட்ராஸ், மூன்றாம் இயல்: உளப்பகுப்பாய்வு" என்று ஒரே கதையை மூன்று கோட்பாட்டு இயந்திரத்தில் போட்டு அரைப்பது ஒரு தொற்றுநோயாகவே பரவிவிட்டது. ரஷ்ய ஆய்வாளர் பிராப் 1928இல் 31 வினைகளை (கதையை நகர்த்தும் செயல்களை) வகுத்தது ரஷ்ய மாயக்கதைகளுக்கு. நாயகன் புறப்பட்டுப் போய், சோதனையில் தேறி, கல்யாணத்தில் முடிகிற கதை அது. தெற்கத்திக் கதைப்பாடல்களில் பாதிக்குமேல் வெட்டுப்பட்டுச் செத்தவர் தெய்வமாகி நிற்கிற கதை. இங்கே சாவுக்குப் பிறகுதான் கதையின் சக்தியே தொடங்குகிறது. 31 கட்டத்தில் அதை அடைக்கப் பார்த்தால் முக்கியமான பாதி வெளியே நிற்கும்.

கதைவகை எண் வேறு விஷயம், அது ஒரு முகவரி. கொழுக்கட்டை என்ற சொல்லை மறந்து "அத்திரிபாச்சா" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போன மருமகன் கதை தெரியும் அல்லவா? அது உலகக் கதைவகை அட்டவணையில் 1687, மறந்துபோன சொல். எண்ணைப் போட்டுவிட்டு ஆய்வு முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. ஏன் இங்கே மாமியார் வீடு, ஏன் கொழுக்கட்டை, ஏன் கடைசியில் அடி வாங்குவது மனைவி என்று அதற்கப்புறம்தான் வேலையே.

தேரிக்காடு

ஒரே கதைக்கு வேறு வேறு பாடம் (வடிவம்) கிடைத்தால் எதை எடுப்பது?

சுவடிப்பெட்டி

எல்லாவற்றையும். முத்துப்பட்டன் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிறாரே, அவர்தான். பிராமண இளைஞன், செருப்புத் தைக்கிற குலத்து வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்கிறான், செருப்புத் தைக்கிறான், மாடு திருடவந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். இன்றைக்கும் அந்தச் சன்னிதியில் செருப்புக் காணிக்கை கட்டுகிறார்கள். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று சொல்கிற பாடமும் உண்டு. பாளையங்கோட்டையில் இருந்து இதையெல்லாம் பதிப்பித்த நா. வானமாமலை, அது பிற்பாடு ஒட்டியது என்று காட்டினார். மாணவர் செய்யும் தவறு, "சரியான" பாடத்தை எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப்போடுவது. ஒட்டியவர் யார், எந்தக் கூட்டத்துக்கு முன்னால் அது பாடப்படுகிறது, எந்தக் கூட்டத்தில் பாடகர் அந்தப் பகுதியை விழுங்கிவிடுகிறார் என்று பார்த்தால் சாதி எப்படிக் கதையைத் திருத்துகிறது என்பது நேரடியாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு பாடத்தோடும் பாடியவர், பாடச் சொன்னவர், கேட்டவர் என்ற மூன்றும் குறிப்பில் இருந்தே ஆக வேண்டும்.

பொருநை

காரையாறு போகிறவர்கள் கவனத்துக்கு: ஆடி அமாவாசைதான் பெரிய விழா. இடம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வாகனம், குடில் அமைக்கும் நாட்கள் எல்லாவற்றுக்கும் வனத்துறைக் கட்டுப்பாடு உண்டு, வருடத்துக்கு வருடம் மாறும். அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பினால் பாபநாசம் சோதனைச்சாவடியிலேயே திருப்பிவிடுவார்கள்.

மஞ்சணத்தி

இதுவரை பேசியதெல்லாம் ஆண்கள் பாடுவதும் ஆண்கள் ஆடுவதும். குலவையை ஒரு வரியில் தொட்டதோடு சரி.

தாலாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு, கும்மி, விடுகதை எல்லாம் பெண்களிடம் இருக்கிறது. அவற்றைச் சேகரிப்பதில் உள்ள தொல்லை வேறு மாதிரி. வீட்டுக்குப் போய் "ஒப்பாரி பாடுங்க பாட்டி" என்றால் விரட்டுவார்கள், விரட்டத்தான் வேண்டும். சாவில்லாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடுவது ஆகாது. ஊருக்கு வெளியே, காட்டுவேலை முடிந்து உட்காருகிற இடத்தில், வாய்க்கால் கரையில் கேட்டால் பாடுவார்கள். அப்போதும் முதலில் பாடாமல் சொல்லித்தான் காட்டுவார்கள், ராகம் பிறகு வரும். அவர்கள் சொல்லிக்காட்டியதும் பாடியதும் ஒன்றாக இராது, இரண்டையும் பதியுங்கள். நடுவில் அழுகை வந்தால் கருவியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருங்கள். அடுத்த கேள்வியைக் கேட்காதீர்கள்.

உண்மைச் சாவுவீட்டில் பதிவது என்ற பேச்சே வேண்டாம். அவர்களே கூப்பிட்டால் ஒழிய.

பழமொழிக்கும் இதே கதைதான். "பழமொழி சொல்லுங்க" என்று கேட்டால் பள்ளிப்புத்தகத்துப் பழமொழி பத்து கிடைக்கும். கூடவே இருந்து, சண்டையிலோ கேலியிலோ வந்து விழும்போது பிடிக்க வேண்டும். யார், யாரிடம், எதற்காகச் சொன்னார், கேட்டவர் முகம் எப்படி ஆனது என்பதோடு குறித்த இருபது பழமொழி, சூழல் இல்லாத ஐந்நூறைவிட மேல்.

பெண் மாணவிகளுக்குத் தனியாகச் சில. சாமக்கொடை முடிந்து சுடலை வேட்டைக்குப் போகும்போது, அதாவது மயானம் வரைக்கும், பல ஊர்களில் பெண்களை விடமாட்டார்கள். சில ஊரில் வெளியூர் ஆண்களையும் விடமாட்டார்கள். அன்றைக்கு வாக்குவாதம் பண்ணாமல் முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு, உடன் பயிலும் பையன் யாரையாவது அந்தப் பகுதிக்கு ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் கோயிலில் இருங்கள். ஆண்கள் போனபின் பெண்கள் பேசுவது யாருடைய ஆய்வேட்டிலும் இதுவரை சரியாக வரவில்லை! ராத்திரி தங்க ஒரு வீட்டை முதல் வருகையிலேயே பேசிவைத்துவிடுங்கள். கல்லூரி அடையாள அட்டையோடு துறைத்தலைவர் கடிதமும் இருந்தால் பேச்சு சுலபம்.

நாஞ்சில்வடக்கு

அனுமதி வாங்குவது எப்படி? படிவத்தில் கையெழுத்துக் கேட்டால் பத்திரம் எழுதி வாங்குகிறார்கள் என்று பயப்படுகிறார்களே.

ஒலிநாடா

வாய்மொழி அனுமதி போதும், ஆனால் பதிவில் இருக்க வேண்டும். கருவியை ஓடவிட்டு, நாள், ஊர், உங்கள் பெயர், எந்தக் கல்லூரி, எதற்காகப் பதிகிறீர்கள், எங்கே வைக்கப்படும், இணையத்தில் போடுவீர்களா மாட்டீர்களா என்று சொல்லி, "சம்மதமா?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற பதில்தான் படிவம். கூட்டு நிகழ்ச்சி என்றால் கோயில் நிர்வாகம் தனி, கலைக்குழு தனி. நிர்வாகம் சரி என்றதால் புலவர் சரி என்றதாக ஆகாது.

யூடியூபில் தூக்கிப்போடுவதைப் பற்றி: பதிப்புரிமைச் சட்டம் 38ஆம் பிரிவின்படி நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று இருக்கிறது, 50 ஆண்டு. பாட்டு பொதுச்சொத்தாகவே இருக்கட்டும், அன்றைக்கு அவர் பாடியது அவருடையது. பலி கொடுக்கிற காட்சியையும் யாராவது அருளில் ஆடுகிற முகத்தையும் வெளியிடவே வேண்டாம். கொலையுண்டு தெய்வமானவர் கதைகளில் கொன்றவர்களின் வாரிசு அதே ஊரிலேயே இருப்பார்கள். ஆய்வேட்டில் அந்தக் குடும்பப் பெயரை மாற்றி எழுதுங்கள், மூலப்பதிவைக் கட்டுப்பாட்டோடு ஆவணத்தில் வையுங்கள்.

கறார்பேர்வழி

சன்மானம்?

வலம்பாடி

கொடை நடக்கும்போது தனியாகக் கொடுக்காதீர்கள், அவர்களுக்கு ஊர் சம்பளம் பேசியிருக்கும், அதில் குறுக்கிட்ட மாதிரி ஆகும். மேடையில் எல்லோரும் செய்கிற மாதிரி அன்பளிப்பு வைத்தால் போதும். பிறகு வீட்டுக்குப் போய் ஒரு நாள் முழுக்க உட்காரவைத்து விளக்கம் கேட்டால், அன்றைக்கு அவருக்குப் போகிற வேலைக்கூலியைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். பதிவின் நகலை அவருடைய பிள்ளை கைப்பேசியில் ஏற்றிக்கொடுங்கள். அதைக் கொடுக்காமல் காணாமல் போன மாணவர்களால்தான் அடுத்து வருகிறவருக்குக் கதவு சாத்தப்படுகிறது.

தேரிக்காடு

சேர்வதற்கு முன் இருக்கும் இரண்டு மாதத்துக்கு ஒரே ஒரு பயிற்சி சொல்லுங்கள்.

பொருநை

உங்கள் ஊர்க் கோயிலை வரைபடம் போடுங்கள். பாட்டும் வேண்டாம், பேட்டியும் வேண்டாம். வடக்கு எது என்று குறித்து, அடியால் அளந்து, ஒவ்வொரு பீடத்தையும் அதன் இடத்தில் வையுங்கள். 21 பீடம் என்பார்கள், எண்ணினால் பதினேழோ இருபத்துமூன்றோ வரும். எந்தப் பீடம் மண், எது சிமெண்ட், எதற்கு ஓடு பதித்திருக்கிறது, எது எந்தத் திசை பார்க்கிறது, எது மதிலுக்கு வெளியே நிற்கிறது. பிறகு மூன்று பேரிடம் தனித்தனியாக ஒவ்வொன்றின் பெயரைக் கேளுங்கள்: பூசாரி ஒருவர், வரி கொடுக்கிற ஒரு குடும்பத்துப் பெண் ஒருவர், மதிலுக்கு வெளியே நின்று கும்பிடுகிறவர் ஒருவர். மூன்று பெயர்ப்பட்டியலும் ஒத்துப்போகாது. எந்தப் பீடத்தில் ஒத்துப்போகவில்லை என்பதை வரைபடத்திலேயே சிவப்பு மையில் குறியுங்கள்.

மஞ்சணத்தி

வரைவதற்கு முன் பூசாரியிடம் கேட்டுவிடுங்கள் தம்பி. சில பீடத்துக்கு முன்னால் செருப்போடு மட்டும் இல்லை, அளவுநாடாவோடு போனாலும் கோபம் வரும். அடிவைத்து எண்ணினால் போதும்.